முகத்தில் பூசும் மண்: எது உண்மை, எது மிகை?

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த மருந்துக் கடையிலும், நாட்டு மருந்துக் கடையிலும், ஏன், மளிகைக் கடையிலும்கூட இன்று தவறாமல் கிடைக்கும் பொருள்களுள் ஒன்று முல்தானி மட்டி. பொட்டலத் தூளாகவும், குழைத்த களிம்பாகவும், விலையுயர்ந்த குப்பிகளில் வாசனை சேர்த்தும் அது விற்கப்படுகிறது. வாங்குவோரில் பெரும்பாலோர் பதினைந்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்கள். காரணம் முகப்பரு.

முகப்பருவைச் சிறு தொல்லை என்று பெரியவர்கள் தள்ளிவிடுவது வழக்கம். ஆனால் பாடம் நடத்தும் எவரும் கவனித்திருப்பார்கள்: முன்வரிசையில் உட்கார்ந்து வந்த மாணவி திடீரெனக் கடைசி வரிசைக்குப் போகிறாள்; நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மாணவன் தலை குனிந்தே பதில் சொல்கிறான். அவர்களுடைய கைச்செலவுப் பணத்தில் கணிசமான பங்கு இந்த மண்ணுக்குப் போகிறது. எனவே இம்மண்ணைப் பற்றிச் சொல்லப்படுபவற்றை நிறுத்துப் பார்ப்பது பயனுடையது.

விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் கூற்றுகளை நான்காகத் தொகுக்கலாம். ஒன்று, மண் முகத்தின் எண்ணெயை உறிஞ்சுகிறது. இரண்டு, அது தோலை இறுக்கித் துளைகளை மூடுகிறது. மூன்று, தோலுக்குள் சேர்ந்த நச்சையும் நகரத்து மாசையும் வெளியே இழுக்கிறது. நான்கு, இவற்றின் பயனாகப் பரு குணமாகிறது. என் தொழில் மருத்துவம் அன்று. கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பது. ஆயினும் முதல் மூன்று கூற்றுகளும் உண்மையில் இயற்பியலைப் பற்றியவையே. அவற்றைச் சோதித்துவிட்டால் நான்காவதன் நிலை தானே தெளிவாகும்.

மண்ணும் அதன் பரப்பும்

முல்தானி மட்டி என்றால் முல்தான் நகரத்து மண் என்று பொருள். முல்தான் இன்று பாகிஸ்தானில் உள்ளது. நம் நாட்டில் இவ்வகை மண் பெரும்பாலும் ராஜஸ்தானில் வெட்டி எடுக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'ஃபுல்லர் மண்' என்று பெயர். கம்பளித் துணியை மிதித்து அழுக்கெடுக்கும் தொழிலாளிக்கு ஃபுல்லர் என்று பெயர். அவர் பயன்படுத்திய மண் என்பதால் அப்பெயர் வந்தது.

வடசென்னை வாசகருக்கு இங்கே வண்ணாரப்பேட்டை நினைவுக்கு வரலாம். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதிக்காக வாங்கிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறிய இடம் அது. நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர்களும் மண்ணைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அது உவர்மண். இரண்டும் ஒன்றல்ல. உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் போன்ற காரங்கள் உள்ளன. அவை துணியிலுள்ள கொழுப்போடு வினைபுரிந்து அதைச் சோப்பாக மாற்றி நீரில் கரைக்கின்றன. அது வேதி வினை. முல்தானி மட்டியோ எண்ணெயைத் தன் பரப்பில் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது இயற்பியல் நிகழ்ச்சி; இதனைப் பரப்புக் கவர்ச்சி என்கிறோம்.

அப்பரப்பு எவ்வளவு பெரிது என்பதை நீங்களே கணக்கிடலாம். இம்மண்ணின் முக்கியக் கனிமங்களுள் ஒன்று மான்ட்மோரில்லோனைட். அது அப்பளக் கட்டுபோல் அடுக்கடுக்காக அமைந்தது. ஒவ்வோர் ஏட்டின் தடிமனும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.6 கிராம். ஒரு கிராம் மண்ணை ஏடு ஏடாகப் பிரித்துப் பரப்பினால் ஒரு பக்கம் 385 சதுர மீட்டர் வரும். இரு பக்கமும் சேர்த்து 770 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் சொன்னால் மூன்று கிரவுண்டு நிலத்துக்கு மேல்! ஒரு சிட்டிகை மண்ணுக்குள் இவ்வளவு இடம் மடங்கிக் கிடப்பதே அதன் உறிஞ்சும் திறனுக்குக் காரணம். ஆனால் இந்தப் பரப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. மண் தொட்டதைத்தான் பிடிக்கும்; தொடாததை இழுக்காது. இக்கட்டுரையின் எஞ்சிய பகுதிகள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவே.

முதல் கூற்று: எண்ணெயை உறிஞ்சுமா?

உறிஞ்சும். இதில் ஐயமில்லை. பட்டறைத் தரையில் சிந்திய எண்ணெயின்மேல் இவ்வகை மண்ணைத் தூவிப் பெருக்கி எடுப்பதுண்டு. சமையல் எண்ணெய் ஆலைகளில் அமிலத்தால் பக்குவப்படுத்திய களிமண்ணைச் சேர்த்தே எண்ணெயின் நிறத்தைப் போக்குகிறார்கள்.

ஆனால் ஆலையில் நடப்பதையும் முகத்தில் நடப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆலையில் எண்ணெயை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, காற்றை நீக்கிய கலத்தில் மண்ணோடு சேர்த்து இடைவிடாமல் கலக்குகிறார்கள். சூட்டில் எண்ணெய் இளகி ஓடுகிறது. அதன் ஒவ்வொரு துளியும் மண்ணைத் தொட வாய்ப்புக் கிடைக்கிறது. முகத்திலோ கலக்குவதும் இல்லை, சூடும் இல்லை. அதோடு நாம் மண்ணை நீரில் குழைத்தே பூசுகிறோம். அப்போது அதன் நுண்ணிய இடைவெளிகளில் நீரே நிரம்பியிருக்கிறது. நீர் உலர உலர இடைவெளிகள் காலியாகின்றன. தோலின்மேல் படலமாக உள்ள எண்ணெய் அவற்றுக்குள் ஏறுகிறது. கழுவும்போது மண்ணோடு அதுவும் போகிறது. முகம் பளபளப்புக் குறைந்து தெரிவது இதனால்தான். சில மணி நேரத்தில் சுரப்பிகள் மீண்டும் எண்ணெயைக் கொண்டுவந்துவிடும். எனவே முதல் கூற்று உண்மை. ஆனால் மேற்பரப்பின் அளவில், சில மணி நேரத்துக்கு மட்டும் உண்மை.

பரு எங்கே பிறக்கிறது?

பருவுக்கு எண்ணெய் மட்டும் காரணமன்று. தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்துள்ளது. பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் அது மிகுதியாகச் சுரக்கிறது. மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் வெளியேறாமல் ஒட்டிக்கொண்டு, எண்ணெயோடு சேர்ந்து மெழுகுபோன்ற அடைப்பாகின்றன. அடைப்பின் கீழே ஒருவகை பாக்டீரியா பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது அழற்சி உண்டாகிறது; பரு சிவந்து வலிக்கிறது. மிகைச் சுரப்பு, அடைப்பு, பாக்டீரியா, அழற்சி ஆகிய நான்கும் சேர்ந்ததே பரு.

இந்நான்கில் மூன்று தோலின் வாசலுக்கு உள்ளே நடப்பவை. சுரப்பும் உள்ளேதான் பிறக்கிறது. வாசலுக்கு வெளியே வழிந்த பகுதியை மட்டுமே மண் துடைக்கிறது.

இங்கே ஒரு மாணவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "நுண்புழை ஏற்றம் படித்தோமே! துளை சிறுத்தால் உறிஞ்சும் விசை கூடும் அல்லவா?" நல்ல கேள்வி. 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழலில் நீர் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரம் ஏறுகிறது. ஆரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கானால், உறிஞ்சும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிவிடும். மண்ணின் துளைகள் இத்தகையவை, இன்னும் சிறியவையும்கூட. அப்படியானால் அடைப்பை இழுத்துவிடாதா?

இழுக்காது. நுண்புழை விசை ஓடக்கூடிய திரவத்தின்மீதுதான் செயல்படும். மயிர்க்காலில் உள்ள அடைப்பு இறந்த செல்களும் கெட்டியான கொழுப்பும் கலந்த திண்மம். அடைபட்ட சாக்கடைக் குழாயின் வாயில் உலர்ந்த துணியை வைத்தால், வாயில் நிற்கும் நீர் துணியில் ஏறும். உள்ளே அடைத்த கசடு அசையாது. மண் முகத்தில் செய்வதும் இதுவே.

இரண்டாம் கூற்று: துளைகள் மூடுமா?

மண் உலரும்போது முகம் இறுகுவதை எல்லோரும் உணர்கிறார்கள். அதனால் இக்கூற்று எளிதில் நம்பப்படுகிறது. ஆனால் இறுகுவது எது? கோடையில் வற்றிய ஏரியின் அடிமண் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுக்குகளுக்கிடையே இருந்த நீர் வெளியேற, மண் சுருங்குகிறது. சுருங்க இடமில்லாத இடத்தில் வெடிக்கிறது. முகத்தில் நடப்பதும் இதுதான். சுருங்குவது மண், அது ஒட்டியிருப்பதால் தோலையும் சேர்த்து இழுக்கிறது. கழுவியதும் இழுவை போய்விடுகிறது. தோல் துளைகளுக்குத் திறந்து மூடும் தசை கிடையாது. எண்ணெயும் அழுக்கும் நீங்கியதால் அவை சிறிது நேரம் சிறுத்துத் தெரியலாம்; அவ்வளவே.

பூசியவுடன் உண்டாகும் குளிர்ச்சிக்கும் எளிய விளக்கம் உண்டு. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. முகத்தில் பூசிய மண்ணில் 10 கிராம் நீர் இருந்தால், அது முழுதும் உலர 24,000 ஜூல். அதில் ஒரு பங்கைத் தோல் தருகிறது. சிவந்து எரியும் பருவுக்கு இது இதமாக இருக்கும். ஆனால் ஈரத்துணியும் இதே இதத்தைத் தரும். அதற்கு விலை இல்லை.

நீர் முழுதும் உலர்ந்தபின் மண் சும்மா இருப்பதில்லை. காலியான துளைகள் தோலின் மேலடுக்கிலுள்ள ஈரத்தையும் வாங்கத் தொடங்குகின்றன. மண் வெடிக்கும்வரை வைத்திருப்பவர்களுக்குத் தோல் வறண்டு, உரிந்து, எரிச்சல் கொள்வது இதனால்தான். பொட்டலத்தில் அச்சிட்டுள்ள நிமிடக் கணக்கையும் அப்படியே நம்ப முடியாது. உலரும் வேகம் காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. திருவொற்றியூர்க் கடற்காற்றில் மெதுவாக உலரும் மண், வடநாட்டுக் கோடையில் விரைவில் உலர்ந்துவிடும். மின்விசிறியின் கீழே அமர்ந்தால் கணக்கு மீண்டும் மாறும். கடிகாரத்தைவிட விரலால் தொட்டுப் பார்ப்பதே நல்ல அளவுகோல்.

மூன்றாம் கூற்று: நச்சையும் மாசையும் இழுக்குமா?

இக்கூற்றுக்கு விஞ்ஞான உடை போட்டே விற்கிறார்கள். களிமண்ணுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, நச்சுகளுக்கு நேர்மின்னூட்டம் உண்டு, ஆகவே ஒன்றையொன்று கவர்கின்றன என்பது வாதம். இதில் பாதி உண்மை. மண் ஏடுகளில் சில அலுமினிய அணுக்களின் இடத்தில் மக்னீசியம் அமர்ந்திருப்பதால் ஏட்டுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. ஆனால் அதைச் சரிக்கட்டச் சோடியம், கால்சியம் அயனிகள் ஏடுகளுக்கிடையே ஏற்கெனவே உள்ளன. மொத்தத்தில் மண்ணுக்கு மின்னூட்டமே இல்லை. நீரில் கரைந்து மண்ணைத் தொடும் வேறு அயனிகளோடு அது இடமாற்றம் செய்துகொள்ளும். எட்டி நின்று எதையும் கவராது. உடலுக்கும் மண்ணுக்கும் இடையே தோலின் கொம்புப் படலம் ஒரு தடையாக நிற்கிறது. உடலின் கழிவுகளை வெளியேற்றும் பொறுப்பு கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது, கன்னத்துக்கு அன்று.

மண் நச்சை நீக்கும் உண்மையான சந்தர்ப்பங்களும் உண்டு. வேதிப்போர் நச்சுத் திரவம் தோலில் தெறித்தால், அது உள்ளே ஊறுமுன் ஃபுல்லர் மண்ணைத் தூவித் துடைக்கப் படைவீரர்களுக்குப் பயிற்சி உண்டு. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை விழுங்கியவர்களுக்கு மருத்துவமனையில் இம்மண்ணைக் கரைத்துப் புகட்டுவதும் உண்டு. இரண்டிலும் நச்சும் மண்ணும் நேருக்கு நேர் தொடுகின்றன, அதுவும் உடனடியாக. இந்தப் பெருமையை முகப்பூச்சுக்குக் கடன் கொடுக்க முடியாது.

நகரத்து மாசு என்ற சொல்லை நம் பகுதியில் இருப்பவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டாலும், வடசென்னை, வல்லூர் நிலையங்கள் இயங்குகின்றன. நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பாலும் 30 முதல் 45 சதவீதம் சாம்பல். அச்சாம்பல் எங்கிருந்து வந்தது? நிலக்கரியோடு கலந்திருந்த களிமண் போன்ற கனிமங்கள் உலையில் உருகிக் கண்ணாடி மணிகளாக மாறியதே பெரும்பகுதி. நம் மேல் படியும் சாம்பல் ஒரு வகையில் சுட்ட களிமண்தான்! அதை முகத்திலிருந்து நீக்க இன்னொரு களிமண் தேவையில்லை. சோப்பும் நீரும் போதும். ஆனால் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய தூசி, அதாவது தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு, மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குச் செல்கிறது. அங்கே எந்த மண்ணைப் பூசுவது? காற்றைச் சுத்தம் செய்ய வேண்டிய கடமையை முகத்தைச் சுத்தம் செய்யும் செலவாக மாற்றி நம்மிடமே விற்பதுதான் இவ்விளம்பரத்தின் பெருங்குறை.

எண்ணெயால் வரும் பரு இப்பகுதியின் மற்றொரு உண்மை. லேத் பட்டறைகளிலும் வண்டிப் பட்டறைகளிலும் எண்ணெய் ஊறிய உடையோடு வேலை செய்பவர்களுக்கு முன்கையிலும் தொடையிலும் பரு கிளம்புவதைத் தொழில்நோயாகவே மருத்துவர்கள் வகைப்படுத்தியுள்ளனர். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, தொழிலாளர்களும் மாணவர்களும் வாளிகளால் அதை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, மீனவர்கள் அதே வேலையைச் செய்ய நேர்ந்தது. அவர்களுக்கு வேண்டியது கையுறை, மாற்றுடை, சோப்பு, நல்ல தண்ணீர். மண்ணெண்ணெயால் தேய்த்துக் கழுவுவதும், பிறகு மண் பூசி ஆற்றுவதும் தோலை மேலும் புண்ணாக்கும்.

நான்காம் கூற்று: பரு குணமாகுமா?

ஆய்வு எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. 2012இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சுமார் 190 பேர் களிமண்ணும் ஜோஜோபா எண்ணெயும் கலந்த பூச்சை வாரம் இரண்டு மூன்று முறை வீதம் ஆறு வாரம் பூசினார்கள். பருக்கள் சராசரியாகப் பாதிக்குச் சற்று மேல் குறைந்தன. கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. அதாவது மண் பூசாமல் முகத்தை மட்டும் ஒழுங்காகக் கழுவிய மற்றொரு கூட்டத்தை அவர்கள் பார்க்கவில்லை.

இது ஏன் பெரிய குறை? பரு தானே ஏறி இறங்கும் நோய். மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் நாம் மருந்து தேடுவோம்; அடுத்த சில வாரங்களில் அது தானாகவே ஓரளவு தணியக்கூடும். தணிந்த புகழ் அப்போது கையிலிருந்த பொருளுக்குப் போய்ச் சேர்கிறது. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைகண்ட வைத்தியம் இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். செய்யாற்றை அடுத்த ஜடேரியின் நாமக்கட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை உரசி வீக்கத்துக்கும் பருவுக்கும் பூசுவதும் நம் வீட்டு வழக்கம். அதுவும் வெண்ணிறக் களிமண்தான். குளிர்ச்சியும் உலர்த்தலும் தரும். அதைத் தாண்டிய குணத்தைச் சோதிக்காமல் ஏற்றிச் சொல்வது முறையன்று.

ஒப்பீட்டின் அருமையை வீட்டிலேயே காணலாம். ஒரே அளவில் இரண்டு தாள்களை வெட்டுங்கள். ஒன்றில் குழைத்த மண்ணைப் பூசுங்கள். மற்றதில் நீரை மட்டும் தடவுங்கள். உலர்ந்தபின் இரண்டும் வளைந்திருக்கும். முதல் தாளை மட்டும் பார்த்தவர், வளைவு முழுதும் மண்ணால் வந்தது என்பார். இரண்டையும் வைத்துப் பார்த்தவருக்கே நீரின் பங்கு எவ்வளவு, மண்ணின் பங்கு எவ்வளவு என்பது தெரியும்.

என்ன செய்யலாம்?

மண்ணைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய்ப் பசை மிகுந்த முகத்துக்கு வாரம் ஒருமுறையோ இருமுறையோ மெல்லியதாகப் பூசி, ஈரம் சற்று இருக்கும்போதே கழுவிவிடலாம். வறண்ட தோலுடையவர்களுக்கு அது வேண்டாம். கிள்ளிய பருவின்மீதும் புண்ணின்மீதும் ஒருபோதும் பூசக்கூடாது. மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். தூளை மூச்சில் இழுக்காமல் குழைக்க வேண்டும். அதில் சிலிக்கா உண்டு. சமையல் சோடா சேர்ப்பது, இயல்பில் சற்று அமிலத் தன்மையுள்ள தோலுக்கு உவர்மண் பூசுவதற்குச் சமம். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கலாம்.

உண்மையான ஆபத்து மண்ணில் இல்லை. மண் பலிக்காதபோது எடுக்கும் அடுத்த அடியில் இருக்கிறது. தோழி சொன்னாள், கடைக்காரர் கொடுத்தார் என்று வாங்கும் சிவப்பழகுக் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் வாரத்தில் முகம் தெளிந்ததுபோல் தோன்றும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், இரத்தக் குழாய்கள் தெரியும், பரு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். 2018இல் மத்திய அரசு இத்தகைய பூச்சு மருந்துகள் பதினான்கை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான்.

பருவுக்கு நன்கு சோதிக்கப்பட்ட மருந்துகள் உள்ளன. பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைத் தாக்குகிறது. அடாப்பலின் அடைப்பு உண்டாவதைத் தடுக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். கர்ப்பிணிகளுக்கு ஆகாத மருந்துகளும் இவற்றினிடையே இருப்பதால் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். வலியுள்ள பெரிய கட்டிகளும், குழி விழும் தழும்புகளும் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. விழுந்த குழியை மண்ணும் நிரப்பாது, மருந்தும் எளிதில் நிரப்பாது. வடசென்னைவாசிகளுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை தொலைவில் இல்லை. அங்கே சீட்டு வாங்கி வரிசையில் நிற்க ஒரு காலைப் பொழுது போகலாம். ஆறு மாதம் மண் பூசிக் காத்திருப்பதைவிட அது குறைந்த செலவு.

இனி எந்தப் பொட்டலத்தையும் கையில் எடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது எதைத் தொடுகிறது? எதனோடு ஒப்பிட்டு இதன் பலனைச் சொல்கிறார்கள்? இவ்விரண்டுக்கும் பொட்டலத்தில் பதில் இல்லையென்றால், விலையைக் கேட்கவே வேண்டியதில்லை.